குளவி கட்டிய குழாய்

ஜனவரி 12, வியாழன். ராஜபாளையம் லாட்ஜ்.

இடது கையில் கட்டு. தூக்கம் வரவில்லை.

பருத்திக்கு மருந்து அடிக்கும் என் விமானம் இன்று காலை மேலே ஏறவே இல்லை. ஓடுபாதை முடியப் போகும்போதுதான் பார்த்தேன், வேகம் காட்டும் முள் பூஜ்யத்திலேயே நிற்கிறது. பிரேக்கை மிதித்தேன். விமானம் பக்கத்து ஊரான சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவரின் பருத்திக்குள் பாய்ந்து மூக்குக் குப்புற நின்றது.

இறக்கைக்கு அடியில் உள்ள சின்னக் குழாயில் காற்று புகுந்தால்தான் அந்த முள் அசையும். மெக்கானிக் கம்பியை விட்டுக் குத்தினார். மண் உதிர்ந்தது, கூடவே பச்சைப் புழுக்கள். குளவிக்கூடு.

விமானம் நிற்கும்போது அந்தக் குழாய்க்கு உறை மாட்டுவது வாட்ச்மேன் சங்கரபாண்டியின் வேலை.

"நேத்து மத்தியானம் குளவி மண்ணு கொண்டாந்துச்சு சார். கூடு கட்டுனா வீட்ல பிள்ள பொறக்கும்பாக. எம்மவளுக்குக் கல்யாணமாகி எம்புட்டு வருசமாச்சு! அதான் உறைய மாட்டல."

"இது வீடாய்யா?"

"நான் இதுக்கு அடியிலதான சார் படுத்துக் கெடக்கேன்."

அதற்கு மேல் கத்த முடியவில்லை. கிளம்புமுன் குனிந்து பார்க்க வேண்டியவன் நான். வெயில் ஏறினால் காற்று கிளம்பிவிடும் என்ற அவசரம். தினமும் பார்ப்பதுதானே என்று இறக்கையைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் சங்கரபாண்டி லாட்ஜ் வாசலில் வந்து நின்றார். கை எப்படி இருக்கிறது என்று கேட்பார் என நினைத்தேன்.

"கூட்ட ஒடச்சிட்டியளா சார்?"

"இல்ல, முழுசா எடுத்து ஒரு மரத்துல வச்சிட்டோம்" என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனார்.

எந்த மரம் என்று நாளைக்குக் கேட்பார்.