வெளிச்சம் சரியில்லை

ஜனவரி 9

அன்புள்ள போட்டோக்காரருக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை நேற்றே போனில் கேட்டுவிட்டேன். பிறகு எதற்குக் கடிதம் என்று முழிக்காதீர்கள், சொல்கிறேன்.

இன்று வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். நம் பாஷை பேசுகிறவர், அதனால் மனம்விட்டுப் பேச முடிந்தது. உங்களை நிரந்தரமாக இங்கே அழைத்துக்கொள்ள, மனைவி என்ற முறையில் நான் விசா கேட்கலாமாம். ஆனால் கல்யாணமான ஒரே மாதத்தில் நான் இந்த வேலைக்குக் கிளம்பி வந்துவிட்டேன். அதன்பிறகு இரண்டு வருஷமாக நாம் குடும்பம் நடத்தியதெல்லாம் போனில்தானே? "பேசினதெல்லாம் காத்தோட போச்சும்மா. கையில காட்ட என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். 

அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பு நீங்கள் விசிட் விசாவில் ஒருமுறை வந்து என்னோடு தங்க வேண்டும். சேர்ந்து இருந்ததற்குப் போட்டோ வேண்டும். கடிதங்களும் இருந்தால் நல்லதாம், விசா அதிகாரி படிப்பாராம். போட்டோ என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவர் கல்யாண போட்டோ எடுக்கிறவருங்க. எங்களுக்குப் போட்டோவுக்கா பஞ்சம்?" என்றேன்.

இன்று எங்கள் பல் லேபில் ஒரு முழுப் பல்செட் செய்து முடித்தேன். யாரோ ஒரு பெரியவர் அடுத்த வாரம் அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் எல்லாரையும் அதட்டப் போகிறார்.

உடனே பதில் எழுதுங்கள். போனில் பேசுகிற கோணங்கித்தனமெல்லாம் வேண்டாம். அதிகாரி படிப்பார், என் மானத்தை வாங்காதீர்கள்.

உங்கள்
பல்லுக்காரி


ஜனவரி 24

என் அன்பிற்கும் மரியாதைக்கும் உரியவளும், நான் சட்டப்படி மணந்துகொண்ட ஒரே மனைவியுமான உனக்கு,

உன் கணவனாகிய நான் எழுதிக்கொள்வது. நீ அருகில் இல்லை என்ற குறையைத் தவிர இங்கு வேறு குறை இல்லை. நமக்கு முறையாகத் திருமணம் நடந்தது உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். அன்று உனக்குக் கடுமையான ஜலதோஷம்.

நீ தூங்கும்போது போர்வை முழுவதையும் உன் பக்கம் இழுத்துக்கொள்வாய். கோபம் வந்தால் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாய். உன் மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல் உண்டு. அது யார் கண்ணிலும் படக்கூடாதென்று உதட்டை மூடியே சிரிப்பாய். இவை கணவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரங்கள் என்பதை அதிகாரி அவர்கள் கனிவுடன் கவனிக்க வேண்டும்.

மகிழ்ச்சியான செய்தி: விசிட் விசா வந்துவிட்டது. ஒருமுறை வந்து திரும்பிய பிறகு, வேண்டுமானால் இன்னொரு முறையும் வரலாமாம். விசாவுக்கான போட்டோவையும் வழக்கம்போல நானே டைமர் வைத்து எடுத்துக்கொண்டேன். என் முகத்தை இன்னொருத்தன் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது என்பது நீ அறிந்ததே.

அக்கா மட்டும் தினமும் வந்து, "போனா திரும்பி வருவியாடா?" என்று மூக்கை உறிஞ்சுகிறாள். முதலில் போகவாவது விடு என்றேன்.

இப்படிக்கு,
உன் கணவன்
(ஒருவனே)


பிப்ரவரி 3

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். பொண்டாட்டிக்கு எழுதச் சொன்னால் கரண்ட் ஆபீசுக்கு மனு எழுதி வைத்திருக்கிறீர்கள்! போதாததற்குத் தெத்துப்பல் வேறு. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து நான் கட்டிக்காத்த ரகசியத்தை ஒரே வரியில் அரசாங்கத்துக்குச் சொல்லிவிட்டீர்களே, நன்றாக இருப்பீர்களா? ஊருக்கெல்லாம் பல் வரிசை செய்து கொடுக்கிறவளுக்கு இப்படி ஒரு பல் என்றால் லேபில் என்னை மதிப்பார்களா?

சரி, வந்து சேருங்கள். என் அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறக்க ஒரு குத்து குத்த வேண்டும். கட்டில் ஒருத்தர் படுக்கிற அளவுதான், சமாளிப்போம். பகலெல்லாம் நான் வேலைக்குப் போய்விட்டால் நீங்கள் தனியாக என்ன செய்வீர்கள் என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. மற்றபடி எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கனமான ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். கேமராவை மறந்தாலும் மறப்பீர்கள், ஸ்வெட்டரை மறக்காதீர்கள். என்ன எழுதுகிறேன் நான், நீங்களாவது கேமராவை மறப்பதாவது!

உங்களுக்காகக் காத்திருக்கும்
பல்லுக்காரி


மார்ச் 22

என் போட்டோக்காரருக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக நீங்கள் போனில் சொன்ன பிறகும் எனக்கு மனது ஆறவில்லை. தலையணையில் உங்கள் எண்ணெய் வாசம் இருக்கிறது. உறையை மாற்ற மனம் வரவில்லை. நீங்கள் சரிசெய்த குழாய் இப்போது சொட்டுவதில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் அறை வெறிச்சென்று கிடக்கிறது. நீங்கள் இருந்தபோது கட்டில் போதவில்லை என்று சண்டை போட்டேன். இப்போது அதே கட்டிலில் ஒரு ஓரமாகச் சுருண்டு படுக்கிறேன்.

இப்போது தலை போகிற விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எடுத்த போட்டோக்களை எல்லாம் வக்கீலம்மாவிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாலத்தில் நான், பஸ்ஸில் நான், கடைத்தெருவில் நான், லேப் வாசலில் கோட்டோடு நான். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எல்லாம் பிரமாதமா இருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் எங்க?" என்றார்.

ஒன்றில்கூட நீங்கள் இல்லை! நாம் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் மருந்துக்கும் இல்லை. "கல்யாண ஆல்பம் இருக்கு, சரி. அதுக்கப்புறம் சேர்ந்து வாழ்ந்ததுக்கு என்ன இருக்கு? ஊருக்கெல்லாம் குறி சொல்ற பல்லி கழுநீர்ப்பானையில விழுந்த கதையால்ல இருக்கு" என்று அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் கூடவே இருந்து எனக்கும் உறைக்கவில்லையே!

இன்னொரு முறை உங்களை வரச் சொல்கிறார். அப்போது ஒழுங்காகச் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு விண்ணப்பம் போடலாமாம். விசாவில்தான் இடமிருக்கிறதே.

வருவீர்கள்தானே? இதை ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் கிளம்பிய அன்று, "அடுத்த தடவை நிரந்தரமா வர்றப்போ பெரிய கட்டில் வாங்கணும்" என்று சொன்னேன். நீங்கள் பெட்டியின் ஜிப்பையே இழுத்துக்கொண்டிருந்தீர்கள். 

உங்கள்
பல்லுக்காரி


ஏப்ரல் 6

கண்ணு,

இந்தக் கடிதத்தை வக்கீலம்மாவிடம் காட்டாதே. இது அதிகாரிக்கு எழுதுவதல்ல, உனக்கு எழுதுவது.

நான் படத்தில் நிற்க மறக்கவில்லை. நிற்காமல் தப்பித்தேன். பாலத்தில் ஒரு அம்மாள் தானாகவே வந்து, நம் இருவரையும் எடுத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினாள் இல்லையா? வெளிச்சம் சரியில்லை என்று நான் சொன்னேன். நீயும் நம்பிவிட்டாய். அன்று இருந்த வெளிச்சத்துக்காக ஒரு போட்டோக்காரன் தவமே இருப்பான்.

இங்கே நான் யார்? எவ்வளவு பெரிய மனிதரானாலும் "தலையைத் தூக்குங்க, கொஞ்சம் சிரிங்க" என்பேன், தூக்குவார், சிரிப்பார். அங்கே எனக்கு ஒரு டீ கேட்டு வாங்க வாய் வரவில்லை. நீதான் கேட்டு வாங்கிக் கையில் கொடுத்தாய். உன் லேப் வாசலில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் ஏதோ சொல்ல, நீ பதிலுக்கு ஒன்று சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நின்றேன். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. நீ வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ அங்கே நன்றாக இருக்கிறாய். அதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அதைப் பார்த்துத்தான் எனக்கு வலியும். உன் பக்கத்தில் நின்று படம் எடுத்தால், யாரோ வழிகேட்க வந்தவன் மாதிரி இருப்பேனோ என்று பயந்தேன்.

மறுபடி வருவேனா என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை கண்ணு. உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

உன்
போட்டோக்காரன்


ஏப்ரல் 18

போட்டோக்காரரே,

பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். படித்து முடித்ததும், கழுவி வைத்திருந்த பாத்திரத்தை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினேன். எவ்வளவு கோபம் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

நான் நன்றாக இருக்கிறேனாமே! இந்த லேபில் சேர்ந்த முதல் வருஷம் நான் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டேன் தெரியுமா? பின்பக்கப் படிக்கட்டில். எல்லாரும் ஒரு மேஜையில் பேசிச் சிரிப்பார்கள். அவர்கள் நடுவே போய் உட்கார எனக்குக் கூச்சம். உங்களிடம் சொன்னால், "போதும், கிளம்பி வா" என்பீர்கள். நானும் ஓடி வந்துவிடுவேன். அதனால்தான் சொல்லவில்லை. நீங்கள் பார்த்த சிரிப்புக்குப் பின்னால் எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. நீங்களோ வந்த சுருக்கில் அதோடு உங்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டீர்கள். உங்களை என்ன செய்தால் தகும்?

கோபம் தீர்ந்த பிறகு உங்கள் போட்டோக்களை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. எல்லாவற்றிலும் என் தெத்துப்பல் தெரிகிறது! லேபில் வருஷா வருஷம் எடுக்கிற படத்தைப் பார்த்தேன், உதட்டை மூடியிருக்கிறேன். நம் கல்யாண ஆல்பத்தில்கூட அப்படித்தான். உங்கள் படங்களில் மட்டும் முப்பத்திரண்டும் வெளியே. பல் வேலை செய்கிறவள் சொல்கிறேன், இந்தச் சிரிப்பைச் செய்து வைக்க முடியாது. எதிரே நிற்கிற ஆளைப் பார்த்துத் தானாக வர வேண்டும்.

வழிகேட்க வந்தவனைப் பார்த்து யாராவது இப்படிச் சிரிப்பார்களா?

கெஞ்ச மாட்டேன். வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வரமாட்டேன் என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். ஆனால் வெளிச்சத்தின் மேல் பழியைப் போடாதீர்கள்.

உங்கள் மேல் கோபமும் ஆசையுமாக,
பல்லுக்காரி


மே 5

என் தெத்துப்பல்லுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் என் கடைக்கு எதிரே இருக்கிற போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். ஆமாம், அவன் கடைக்கேதான். பத்து வருஷமாக நானும் அவனும் முறைத்துக்கொண்டே கடை திறக்கிறோம். என்னைப் பார்த்ததும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று எழுந்து நின்றுவிட்டான். "ஒரு போட்டோ எடுக்கணும்ப்பா" என்றேன். "யாரைண்ணே?" என்றான். "என்னைத்தான்" என்றேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

விளக்கைப் போட்டதும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. "நாடியை லேசா தூக்குங்கண்ணே" என்கிறான், எனக்கே! ஊரில் எத்தனை பேரை நான் இப்படி வேர்க்க வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. கையை எங்கே வைப்பது என்று வழக்கம்போலத் திண்டாடினேன். அவன் பார்த்துவிட்டு, "அண்ணி பக்கத்துல நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டு நில்லுங்கண்ணே" என்றான். நினைத்தேன். கை தானாகப் போய் அது இருக்க வேண்டிய இடத்தில் நின்றது.

அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பல்லை இளித்துக்கொண்டுதான் நிற்கிறேன், சிரிக்காதே. "ஒரு பக்கம் காலியா இருக்கே, வெட்டிடவாண்ணே?" என்று கேட்டான். வெட்டாதே, அங்கே ஆள் வரும் என்றேன்.

டிக்கெட் போட்டுவிட்டேன். இந்தத் தடவை டீக்கடையில் நீ தள்ளி நில். நானே திக்கித் திணறிக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், தப்பாக வந்தால் அதையும் குடிக்கிறேன். நான் படம் எடுக்க அங்கேயும் கல்யாணம் நடக்காமலா போகும்? எனக்கும் இரண்டு வருஷம் கொடு. அக்காவிடம் சொல்லிவிட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே உனக்கு ஒரு பெரிய போர்வை வாங்கி வைத்திருக்கிறாள். பெரிய கட்டிலை நீ பார்த்து வை.

போன கடிதத்தையும் இதையும் வக்கீலம்மாவிடம் கொடு. அதிகாரி படித்தால் படிக்கட்டும்.

வந்து இறங்கியதும் முதலில் அந்தப் பாலத்துக்குப் போவோம். வழியில் போகிற யாரையாவது கூப்பிட்டுக் கேமராவைக் கொடுத்துவிடுகிறேன். மழையே பெய்தாலும் சரி.

உன்
போட்டோக்காரன்