மடித்து ஒட்டிய படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அக்கா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை, இருமல்கூட விட்டுவிட்டது.

எங்கள் சலவைக்கூடத்துக்கு ஒரு தாய் தன் மகளோடு வந்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் வேலை கொடுங்கள் என்று இடம் இடமாக ஏறி இறங்குபவர். "பாவம்னு குடுக்காதீங்க. ஒரு மணி நேரம் வேலை வாங்கிப் பாருங்க" என்றார். அந்தப் பெண் துண்டுகளை நுனியோடு நுனி சேர்த்து, தட்டித் தட்டி, நம் அக்கா மாதிரியே மடித்தாள். "உங்க யார் வீட்லயாவது இப்படி ஒருத்தங்க இருக்காங்களா? கூட நின்னு சொல்லிக்குடுக்க ஆள் வேணும்" என்று மேலாளர் கேட்டார். நான் துணிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

என் லாக்கர் கதவில் நம் குடும்பப் படம் இருக்கிறது. அக்கா நிற்கும் ஓரத்தைப் பின்னால் மடித்துத்தான் ஒட்டியிருந்தேன், அம்மா. இரண்டு வருஷமாக. போகிற வழியில் அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். "கோணலா மடிச்சிருக்கு" என்று பிரித்து நீவிவிட்டாள். "இது யாரு? என்னை மாதிரியே இருக்காங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். "எங்கக்கா" என்றேன்.

திங்கள்கிழமை அந்தப் பெண் வேலைக்கு வருகிறாள். கூட நிற்கப்போவது நான்தான். எனக்கு ஒரு துண்டு அனுப்புங்கள், அக்கா மடித்தபடியே, பிரிக்காமல். இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டார்கள். இதை அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவள் தனியாக நிற்கும் படம் ஒன்றும் வேண்டும். என்னிடம் உள்ளதில் அவள் முகத்தின் குறுக்கே மடிப்பு விழுந்திருக்கிறது, எவ்வளவு நீவியும் போகவில்லை.

உங்கள் மகன்