கொம்புப்புழு விஷயமாக எழுதியது

அபிஷேகப்பாக்கம்,
தாது வருஷம் வைகாசி மாதம் 5-ந் தேதி.

சைகோன் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மகன் சிங்காரவேலுவுக்கு, உன் அப்பன் சுப்பராயலு வாயால் சொல்ல, பெரிய சண்டைக்குப் போய்வந்த பென்ஷன்காரர் சாமிக்கண்ணு கையால் எழுதுவது. நான் இருக்கிறேன். உன் அக்கா விருத்தாம்பாளும் இருக்கிறாள். நீ நோய்நொடி இல்லாமல் இருக்க அய்யனாரைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடுதாசி நீளமாகப் போகும். சொன்னதை ஒன்று விடாமல் எழுத வேண்டும், எனக்கு வெட்கமான இடம் வந்தாலும் நிறுத்தக் கூடாது என்று சாமிக்கண்ணுவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, பிரான்சு தேசத்து ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தவன் சொன்னதையெல்லாம் எழுதினவன் நான், உன் வெட்கம் எனக்கு என்ன பாரம், சொல்லு என்றார்.

ஊரில் மழை இல்லை. ஏரி அடிமண் வெடித்துக் கிடக்கிறது. செவலைக் காளை மாசி மாதம் விழுந்தது, எழுந்திருக்கவில்லை. மேட்டுக்கொல்லை எள்ளு மட்டும் கைக்கு வந்தது. எனக்கு இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரிவதில்லை. குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

நீ மாசியில் போட்ட காகிதம் வந்தது. ஆவணியில் லீவில் வருவதாகவும், அக்கா பார்த்து வைத்திருக்கிற கரிக்கலாம்பாக்கத்துப் பெண்ணை அந்த மாதமே கட்டிக்கொள்வதாகவும், அமிர்தம் இனி நம் வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தாய். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அப்படி எழுதக் காரணம், போன வருஷம் நான் உனக்குப் போட்ட காகிதம். உன் பெண்டாட்டி அமிர்தம் செய்வினை செய்து பானையில் புதைத்து வைத்தாள், கையும் களவுமாகப் பிடித்தோம் என்று அதில் இருந்தது. விருத்தாம்பாள் பாகூருக்குப் போய் எழுதி வாங்கி வந்தாள். நான் கைநாட்டு வைத்தேன். அது பொய். பொய் என்று தெரிந்தேதான் கட்டைவிரலை மையில் வைத்தேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வருஷம் பங்குனியில் எள்ளில் புழு மிகுதி. சாதாரணப் புழு இல்லை. நடுவிரல் நீளத்துக்கு மேல், பெருவிரல் தடிமன். பச்சை உடம்பில் இரண்டு பக்கமும் ஏழேழு சாய்வுக் கோடு, வாலில் சொரசொரப்பாக வளைந்த ஒரு கொம்பு. தொட்டால் தலையைத் தூக்கிக்கொண்டு டிக் டிக் என்று பல்லைக் கடிக்கும். கொம்பு குத்தினால் விஷம் ஏறும் என்று பொம்பளைகள் கிட்டே போகமாட்டார்கள். அந்தக் கொம்பு யாரையும் குத்தாது. முருங்கையில் கும்பலாக ஒட்டிக் கிடக்கிறதே மயிர்ப்புழு, அதுதான் மேலே பட்டால் தடிக்கும், காந்தும். எள்ளுப்புழு மேலே மயிரே கிடையாது. அரளியிலும் நந்தியாவட்டையிலும் இதே பருமனில் பச்சையாக ஒன்று வரும், அதற்குத் தலைக்குப் பின்னால் நீலக்கண் மாதிரி இரண்டு பொட்டு இருக்கும். அது வேறு, இது வேறு. அறுபது வருஷம் கொல்லையில் நின்றவன் நான், எனக்கு மயக்கம் இல்லை.

காலையில் குச்சியால் புழுவைத் தட்டிக் காலால் மிதிப்பதுதான் வழக்கம். அமிர்தத்துக்கு மிதிக்க மனசு வரவில்லை. ஏழு புழுவை ஒரு பழம்பானையில் போட்டு, பாதிக்கு மண்ணும் மேலே எள்ளுத் தழையும் போட்டு, உன் பழைய வேட்டிக் கரையைக் கிழித்து வாயைக் கட்டி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கழுத்தளவு புதைத்து வைத்திருக்கிறாள். அக்கா பார்த்தால் திட்டுவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது உன்னிடமிருந்து நாலு மாதமாகக் காகிதம் இல்லை. ஆஸ்பத்திரியில் காய்ச்சலாகக் கிடந்தாய் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்தச் சமயம் பார்த்துச் சாணம் வாரப்போன விருத்தாம்பாள் கண்ணில் பானை பட்டது. உன் வேட்டிக் கரை கட்டியிருக்கிறது. மண்ணைக் கொட்டினால் உள்ளே புழு ஒன்றுகூட இல்லை. காலும் இல்லாமல் வாயும் இல்லாமல், அரக்குப் பூசின மாதிரி பளபளவென்று ஏழு உருப்படி. அக்கா ஒன்றைக் கையில் எடுத்தாள். அது இடுப்பை முறுக்கியது. அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

அமிர்தம் ஓடிவந்து, புழுதான், கொல்லையிலிருந்து எடுத்து வந்தேன், என்னவாகிறது என்று பார்க்கத்தான் வைத்தேன் என்று சொல்லிப் பார்த்தாள். யார் நம்புவார்கள்? பச்சைப்புழு எங்கே, கொம்பு எங்கே என்று கேட்டார்கள். அவளுக்கே தெரியவில்லை. நான் போட்டது இது இல்லையே என்று அவளும் திகைத்து நின்றாள். அந்தத் திகைப்பைத்தான் எல்லாரும் திருட்டுமுழி என்றார்கள்.

விருத்தாம்பாள் அதைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து, அப்பா, உனக்குத் தெரியாதது இல்லை, இது கொல்லையில் உள்ளதா, செய்து வைத்ததா, நீ சொல்லு என்றாள். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது.

எனக்குத் தெரியும் தம்பி. தொட்டதுமே தெரியும். பிலவ வருஷம் ஆடியில், நீ பிறப்பதற்கு முன்னால், இதே மேட்டுக்கொல்லையை உழும்போது கொழுமுனையில் இதே மாதிரி ஒன்று புரண்டு வந்தது. மடியில் கட்டிவந்து உமிக்கூடையில் போட்டேன். உன் அம்மா வைதாள். நாலாம் நாள் அது வெடித்துப் பெரிய விட்டில் வந்தது. பின்சிறகு மஞ்சள், முதுகில் மண்டையோட்டு முகம். பிடித்தால் சுண்டெலி மாதிரி கீச்சென்றது. கொம்புப்புழு முற்றினால் மண்ணுக்குள் இறங்கித் தோலையும் கொம்பையும் கழற்றிவிட்டு இப்படி ஆகும். அதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும்.

நான் சொன்னது, எனக்குத் தெரியாது என்று.

ஏன் என்று நீ கேட்பாய். சாமிக்கண்ணுவும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அன்று காலையில் மாட்டை ஓட்டிப் போனவன் கண் தெரியாமல் எள்ளுக்குள்ளேயே விட்டுவிட்டேன். இரண்டு பாத்தி போயிற்று. அமிர்தம் நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே, “கண்ணு தெரியலன்னா மாமா வூட்லயே குந்திக்க வேண்டியதுதான?” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். மற்றவர்களும் சிரித்தார்கள். சாயந்திரம் வரைக்கும் அது எனக்குள் காந்திக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தால் சொல்ல எனக்கும் நன்றாயிருக்கும்.

ஒரு நாள் அவள் கலங்கட்டும், மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அன்றைக்கே விளக்கு வைக்கிற நேரம், திண்டாட்டம் போதாது என்று, அதில் ஒன்று வெடித்து விட்டில் வெளியே வந்தது. முதுகில் முகம். கீச்சென்ற சத்தம். கூட்டம் சிதறி ஓடியது. பூசாரி வந்து பானையோடு கொளுத்தினார். அதற்கு மேல் நான் வாயைத் திறந்தால், கையில் வைத்துக் கேட்டபோதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். சேதி கேட்டு மூன்றாம் நாள் அவள் அண்ணன் சுத்துக்கேணியிலிருந்து வண்டி கட்டி வந்து அழைத்துப் போனான். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

இந்த வருஷம் உன் காகிதம் வந்த பிறகு நான் எள்ளுக்கொல்லைக்குப் போனேன். கண் இல்லை, ஆனாலும் அந்தப் புழுவைத் தேட கண் அவ்வளவு வேண்டியதில்லை. உச்சிக்கொழுந்து மொட்டையாகியிருக்கிற செடியைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதன் அடியில் மண்ணைத் துழாவ வேண்டும். மிளகைவிடப் பெரிதாக, வரிவரியாகப் புழுக்கை தட்டுப்படும். காய்ந்திருந்தால் புழு போய்விட்டது. ஈரமாக இருந்தால் மேலே இருக்கிறது. தண்டை மெல்லத் தட்டினால் டிக் டிக் என்று அதுவே சொல்லிவிடும். ஐந்து நாள் தவழ்ந்து நாலு புழு பிடித்தேன். முட்டி இரண்டும் தேய்ந்துபோயிற்று.

நாலையும் பானையில் மண் போட்டு நடுவாசலில் எல்லாரும் பார்க்க வைத்தேன். விருத்தாம்பாளைக் கூப்பிட்டு, தினம் வந்து நீயே பார், நீயே தழை போடு என்றேன். உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று கத்தினாள். ஆனாலும் போட்டாள். பங்குனி கடைசியில் ஒவ்வொன்றாகப் பச்சை மங்கி, தின்னாமல் பானையைச் சுற்றிச் சுற்றி அலைந்து மண்ணுக்குள் இறங்கின. பத்து நாள் கழித்து அவள் கையாலேயே தோண்டச் சொன்னேன். அரக்குப் பூசின மாதிரி நாலு. இடுப்பை முறுக்கின. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, “இத்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா” என்றாள். உன் அக்காவைக் கோபிக்காதே. அவள் தெரியாமல் செய்தாள். உனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள், தம்பி அங்கேயே போய்விடுவான் என்று பயந்தாள். கரிக்கலாம்பாக்கத்தாருக்கு அவளே ஆள் விட்டுச் சொல்லி நிறுத்திவிட்டாள்.

சித்திரை நடுவில் சுத்துக்கேணிக்குப் புறப்பட்டேன். வில்லியனூர் வரை வண்டி, அதற்கு மேல் நடை. பானையைத் தலையில் வைத்துக்கொண்டேன். நம் பிரெஞ்சுக்காரன் மண்ணுக்கு நடுவில் இங்கிலீஷ்காரன் மண் ஒரு துண்டு வருகிறதே, அந்தச் சுங்கச் சாவடியில் பிடித்துக்கொண்டார்கள். கிழவன் எதையோ மறைத்துக் கடத்துகிறான் என்று சேவகன் மண்ணுக்குள் கையை விட்டான். உடனே கையை உதறிக்கொண்டு, “இன்னா கெழவா இது, பேரிச்சம்பழம் நெளியுது” என்றான். நான் சொன்னேன். எந்தச் செடியில் இருக்கும், எத்தனை கோடு, கொம்பு எங்கே போகும், எத்தனை நாளில் வெளியே வரும் எல்லாம் சொன்னேன். மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினான், வெற்றிலை கொடுத்து அனுப்பினான். கொஞ்ச தூரம் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத சேவகன் ஒரு தரம் கேட்டதற்கு இவ்வளவும் சொன்ன வாய் இது.

அமிர்தம் கரும்புத் தோகை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குரல் கொடுத்தாள், அதனால் தெரிந்தது. பானையைக் கீழே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணை விலக்கி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அது முறுக்கியது. இதுதானா, என்னை நானே ஒரு வருஷம் சந்தேகப்பட்டேனே, வேறு யாராவது மாற்றி வைத்துவிட்டார்களோ என்று கூட நினைத்தேனே என்றாள். அப்புறம் கேட்டாள்.

“அன்னைக்கே தெரியுமா மாமா உனக்கு?”

“தெரியும்மா.”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வெயில் கூரை நிழலைத் தாண்டி என் காலுக்கு வரும்வரை வரவில்லை. வந்தபோது கேழ்வரகுக் கூழும் ஒரு கிள்ளு உப்பும் கொண்டுவந்தாள். சாப்பிட்டுவிட்டு வெயில் தாழப் போ என்றாள். வைதிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். வா அம்மா, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அதற்கு அவள், நீ கூப்பிட்டு நான் வரமுடியாது மாமா, வராதே என்று எழுதினது அவர், வா என்று அவர் எழுதட்டும் என்றாள். சொன்னது நியாயம்.

ஆகையால் சிங்காரவேலு, எனக்குப் பதில் போட வேண்டாம். அந்தத் தபால்கூலியை மிச்சம் பிடித்து அவளுக்குப் போடு. அவள் பேருக்கே போடு. அக்கம்பக்கத்தில் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. பெரிதாக ஒன்றும் எழுதவேண்டியதில்லை. நீ சொன்னது நிஜம் என்று ஒரு வரி, வா என்று ஒரு வரி. என்னைப் பற்றி அவளுக்கு என்ன எழுதத் தோன்றினாலும் எழுது, நான் மறுக்கமாட்டேன்.

நான் புறப்பட்டு வேலிவரை வந்த பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது. சைகோன் கப்பல் தபால் புதுச்சேரிக்கு மாதத்தில் எத்தனையாம் தேதி வரும் மாமா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த தேதியைச் சொன்னேன். அங்கிருந்து சுத்துக்கேணிக்கு வர இன்னும் எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டாள்.

அந்தக் கப்பலைத் தவறவிடாதே. நீயும் அவளும் ஒரு வீட்டில் விளக்கேற்றி நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பன்,
சுப்பராயலு.