பந்திக்கு நடுவே சாக்ஸபோன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? இங்கே ஓஸ்லோவில் குளிர், மற்றபடி நலம்.

நம் ஊர்க் கல்யாணங்களில் சாக்ஸபோன் சாமுவேல் அண்ணன் வாசித்ததை நாம் ஒரு நாளாவது பேசாமல் கேட்டிருக்கிறோமா? அவர் இறந்ததை அவருடைய மகள் மதிவதனிதான் போனில் சொன்னாள்.

"கல்யாண வீடியோல எல்லாம் அப்பா வாசிச்சதை எடுத்துட்டு சினிமாப் பாட்டைப் போட்டுட்டாங்கக்கா. நாளைக்கு சர்ச்சுல நினைவுக் கூட்டமுங்க. உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குதுங்களா?"

தம்பி கல்யாணத்தில் நான் போனில் எடுத்த நான்கு நிமிட வீடியோ இருக்கிறது. அதில் பாதி உங்கள் குரல்: "ஏனுங்க, நின்னுட்டே இருக்கறீங்க, பந்திக்கு வாங்க! கண்ணு, அந்த எலைக்கு ரசம் ஊத்து!" சர்ச்சில் இதைப் போட முடியுமா? அனுப்பத் தயங்குகிறேன்.

அரிசிம்பருப்புச் சாதத்துக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று எழுதுங்கள். எனக்குக் குழைந்துவிடுகிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
யுவஸ்ரீ

ஞாயிறு: கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. காலையில் அந்த வீடியோவை மதிவதனிக்கு அனுப்பிவிட்டேன். முழுவதையும் போட்டார்களாம். நீங்கள் ரசம் ஊற்றச் சொன்ன இடத்தில் சர்ச்சே சிரித்ததாம். பிறகு மதிவதனி சொன்னாள்: "உங்கம்மா பந்திக்குக் கூப்பிடறப்பெல்லாம் அப்பா சத்தத்தைக் குறைச்சு வாசிக்கறாருங்கக்கா. அவங்க முடிச்சதும்தான் ஏத்தறாரு."