வேலிக்குள் முனியாண்டி

5 மார்ச் 1984, திங்கள்
மாரடைப்பு வந்து ஏழு வாரம் படுத்திருந்த பிரின்சிபால் லூயிஸ் இன்று வேலைக்குத் திரும்பினார். டாக்டர் அவரைச் சிகரெட்டை விடச் சொல்லியிருக்கிறார். ஆகவே எல்லோரும் விட வேண்டும். அடுத்த வாரம் முதல் கல்லூரி நிலத்தில் யாரும் புகையிலை பற்றவைக்கக் கூடாது. மூன்று முறை பிடிபட்டால் வேலை போகும்.

சுற்றறிக்கையை டைப் அடிக்கும்போது கடைசி வரியை நானே சேர்த்தேன்: ‘இதில் எவருக்கும் விலக்கு இல்லை.’ வகுப்பிலேயே ஊதும் கணக்கியல் விரிவுரையாளர் ஆம்புரோஸை நினைத்துச் சேர்த்தது. பிரின்சிபால் அந்த வரியின் கீழ் கோடு போட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

13 மார்ச்
ஆம்புரோஸ் சார் மிட்டாய் சப்புகிறார். மாணவர்களுக்குப் பாடம் முன்பைவிடக் குறைவாகப் புரிகிறதாம்.

16 மார்ச், வெள்ளி
அப்பா பிடிபட்டார்.

எப்படி மறந்தேன்? அப்பாவை அல்ல, முனியாண்டியை. கல்லூரி வருவதற்கு முன் இந்த இடம் ரப்பர் தோட்டம். தோட்டத்துச் சாமி இன்னும் பின்வேலியோரம் மரத்தடியில் இருக்கிறது. கல்லூரித் தோட்டக்காரரான அப்பாதான் அதற்குப் பூசாரி. வெள்ளிதோறும் ஐந்து மணிக்கு ஒரு சுருட்டைப் பற்றவைத்து சாமிமுன் வைப்பார். வாயில் வைத்து இழுக்காமல் சுருட்டு பற்றாது. மூன்று இழுப்பு என்பார். நான் எண்ணியவரை ஆறு. ஐந்து வருடம் முன்பு நெஞ்சு கெட்டு ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் சுருட்டை விட்டார். சாமியுடையதை விடவில்லை.

கல்லூரிக் காவலுக்கு இருக்கும் ஜாகா உடையப்பன் மாமா திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு நோட்டை எடுத்தார்.

“கோவிச்சுக்காத சன்னாசி. எழுதலன்னா என் பேர எழுதிருவாங்க.”

“எழுது மச்சான். சாமி பேரையும் சேத்து எழுது. அதுவுந்தானே குடிக்குது.”

19 மார்ச், திங்கள்
முதல் எச்சரிக்கைக் கடிதம். நானே டைப் அடித்தேன். நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசிக்கத் தெரியாத அப்பாவுக்கு நானே வாசித்தேன். மலாய்க் கடிதமாதலால் ‘துவான்’, அதாவது ‘ஐயா’, என்று தொடங்கியது.

“நம்மளயா துவாங்கிறாங்க? இன்னொரு தடவ படி.”

படித்தேன். பிறகு கேட்டேன்: பற்றவைக்காமல் வைத்தால் ஆகாதா?

“அரிசிய அப்படியே தட்டுல கொட்டிச் சாப்புடுன்னா நீ சாப்புடுவியா?”

23 மார்ச், வெள்ளி
இரண்டாவது முறை.

26 மார்ச், திங்கள்
வரும் வெள்ளியோடு மூன்று. வேலை போகும், கல்லூரி தந்த இந்த வீடும் போகும். பிரின்சிபாலிடம் போய் நின்றேன்.

“நீ எழுதுன வரிதானேம்மா, நவமணி. முனியாண்டிய விட்டா நாளைக்கே ஆம்புரோஸ் ஒரு சாமியக் கொண்டாந்து வச்சிருவான்.”

நியாயம். அதுதான் கஷ்டம். இந்தச் சட்டம் எனக்கும் வேண்டும். காலையில் அப்பா இருமுவது அடுப்படிவரை கேட்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை அவர் பற்றவைக்கத்தான் போகிறார். தடித்த நாவல்களில் இதற்கெல்லாம் எண்ணூறு பக்கம் தருகிறார்கள். எனக்கு நான்கு நாள்.

28 மார்ச், புதன்
நிலத்துக் கோப்பைத் தேடி எடுத்தேன். தோட்டம் கல்லூரிக்கு நிலத்தை விற்றபோது மரத்தையும் சாமியையும் விற்கவில்லை. வரைபடத்தில் எல்லைக்கோடு சாமிக்கு எட்டடி முன்பாகவே ஒதுங்கிப் போகிறது. வேலி போட்டவன்தான் வளைக்கச் சோம்பல்பட்டு நேராக இழுத்திருக்கிறான்.

வரைபடத்தை அரை மணி நேரம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். காட்டினால் அப்பாவுக்கு வேலையும் இருக்கும், சுருட்டும் இருக்கும். காட்டாவிட்டால் இரண்டும் போகும் — இல்லை. வேலை மட்டும்தான் போகும்.

காட்டினேன்.

பிரின்சிபால் வெகுநேரம் பார்த்தார். “அப்ப பதினஞ்சு வருஷமா அந்தச் சாமிய நாமதான் அடைச்சு வச்சிருக்கோம்” என்றார். இரண்டு கடிதங்களும் ரத்து. ரத்துக் கடிதத்தையும் நானே டைப் அடித்தேன். துவான்.

30 மார்ச், வெள்ளி
வேலி சாமிக்கு எட்டடி முன்னால் வந்தது; சாமி வெளியே. அப்பா போய்வர ஒரு சின்னக் கதவு. உடையப்பன் மாமா கதவுக்கு இந்தப் பக்கமே நின்று கும்பிட்டார். நோட்டு பையிலேயே இருந்தது.

ஏழு இழுப்பு.

11 ஏப்ரல்
ஆம்புரோஸ் சாருக்குப் பக்தி வந்துவிட்டது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் சின்னக் கதவைத் திறந்துகொண்டு முனியாண்டியிடம் போகிறார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கும் போகிறவர். விரிவுரையாளர் ஒன்பது பேரில் ஆறு பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது. பிரின்சிபால் ஜன்னலில் நின்று பார்க்கிறார். அது அவர் நிலம் இல்லை.

4 மே, வெள்ளி
அப்பா சிகரெட் துண்டுகளை வாளியில் கூட்டிக்கொண்டு வந்தார்.

“அந்த ஆம்புரோஸ் சூடத்தட்டுல சாம்பலத் தட்டுறான். கேட்டா, சாமிக்குப் பொக பிடிக்கும்தானே அண்ணேங்கிறான். நான் ஒரு சுருட்டு வச்சா, எது என் பொக, எது அவன் பொகன்னு சாமிக்கு எப்படித் தெரியும்?”

சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை இருமினார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

1 ஜூன், வெள்ளி
காலையில் அப்பா ஒரு பலகையோடு வந்தார்.

“எழுதிக் குடு. இங்க யாரும் பத்த வைக்கக் கூடாதுன்னு.”

எழுதினேன்.

“கீழ அந்த வரியையும் போடு. நீ போட்டியே, அது.”

“அப்ப முனியாண்டி?”

அப்பா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். சாய்ந்து நிற்கிறதா என்று பார்த்தார்.

“கேட்டுட்டேன். பத்த வைக்காம வச்சாப் போதும்னு சொல்லிருச்சு.”

எப்போது கேட்டார், எப்படிச் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை. வரியைப் போட்டேன். கீழே கோடும் போட்டேன்.

ஐந்து மணிக்கு வேலியோரம் போய்ப் பார்த்தேன். ஆம்புரோஸ் சார் பலகையை வாசித்துக்கொண்டு மிட்டாய் பிரித்தார். வாழையிலையில் சுருட்டு முழுசாக இருந்தது. அதன் பக்கத்தில் அப்பா ஒரு தீப்பெட்டியும் வைத்திருந்தார்.