முகம் தெரியாத படம்

ஆகஸ்ட் 23, சனி

காலையிலேயே புழுக்கம். பால்கனிக் கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. திங்கள் பள்ளி திறப்பு. தாரணிக்கு பழைய ஷூ பத்தவில்லை, லீவிலேயே கால் வளர்ந்துவிட்டது. நோட்டுகளுக்கு அட்டை போட்டது பாதி. வாங்க வேண்டியது: லேபிள், வெள்ளை சாக்ஸ், தயிர், கறிவேப்பிலை (பக்கத்து முவைலா கடையில் வாடல், ரோலா மார்க்கெட்டில் பார்க்கணும்).

மதியம் முரளி போனில் பேசினார். தாரணியையும் என்னையும் ஷார்ஜாவில் விட்டு இங்கிலாந்துக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல். வடக்கே சின்ன ஊர், வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிக்கும் வேலை. அவர் தெருவில் விளக்குக் கம்பம் ஒன்று விடாமல் இங்கிலாந்துக் கொடி கட்டியிருக்கிறார்களாம்.

"மாநாட்டுக்குத் தலைவர் வர்ற மாதிரி இருக்கு உமா. வாழைமரம் ஒண்ணுதான் பாக்கி."

சிரித்தார். நானும்தான். பிறகு குரல் இறங்கியது. பஸ் ஸ்டாப்பில் ஒருவன் கொடியைக் காட்டி இவரிடம் ஏதோ சொன்னானாம். "எனக்குப் புரியாத மாதிரி குட் மார்னிங்னு சொல்லிட்டு நின்னேன்" என்றார்.

சாயங்காலம் செல்வம் அண்ணாவும் அண்ணியும் சாப்பிட வந்தார்கள். மூன்று பில்டிங் தள்ளிதான் வீடு. மு. போன பிறகு தாரணியைப் பள்ளியில் விடுவதும் காஸ் சிலிண்டர் மாற்றுவதும் அண்ணாதான். தோசைக்குக் காத்திருக்கும்போது போனில் வீடியோ ஒன்றைக் காட்டினார். பிரிட்டனில் யாரோ ஒரு தலைவர். பார் வாசலில் கையில் கிளாஸோடு நின்று பேசுகிறார். வீடு கிடைக்கவில்லையா, ஆஸ்பத்திரியில் இடம் இல்லையா, எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். வெளியிலிருந்து வந்தவர்கள்.

"கரெக்டா பேசறான் பாரு. ஒளிவு மறைவே இல்ல."

"அவர் சொல்றது நம்மளையும் சேர்த்துதாண்ணா."

"நம்மள எதுக்குச் சொல்றான்? மாப்ள விசா எடுத்து, இங்கிலீஷ் பரீட்சை எழுதி, முறைப்படி போனவர். படகுல ஏறித் திருட்டுத்தனமா வர்றவனும் அவரும் ஒண்ணா?"

"தெருவில பாக்கறவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பாத்துட்டா முறைக்கப் போறான்?"

அண்ணி, "சாப்பிடறப்ப இது வேணுமா, சட்னி ஊத்து உமா" என்றாள்.

அண்ணா ஷார்ஜாவுக்கு வந்து இருபது வருடம். விசா புதுப்பிக்க மெடிக்கல் டெஸ்டுக்குப் போகும் நாளில் இன்றைக்கும் விடியும் முன்பே எழுந்து பேப்பர்களை மூன்று தடவை சரிபார்ப்பார். அவரா இப்படிப் பேசுவது. தோசை கருகிவிட்டது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பள்ளி திறந்தாயிற்று. வகுப்பு மாறிவிட்டது, பழைய தோழி வேறு செக்ஷன், அழுகை. கிளினிக்கில் கூட்டம், எல்லாக் குழந்தைக்கும் இருமல். பில்லிங் கவுண்டரில் நான் ஒருத்திதான், ஷெரின் லீவு.

மு. போனில் ஆர்தர் கதை சொன்னார். ஆர்தர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், மகள் இருந்தும் வீட்டில் தனி ஆள். காலையும் மாலையும் மு. போய்க் குளிப்பாட்டி, ஷேவ் செய்து, மாத்திரை கொடுத்து விட்டு வர வேண்டும். டிவியில் நாள் முழுக்க அதே அரசியல். "எல்லாரையும் கப்பலேத்தி அனுப்பணும்" என்பாராம், கன்னத்தில் நுரையோடு. பிறகு இவர் கையைத் தட்டிக் கொடுத்து, "உன்னைச் சொல்லல தம்பி. நீ நல்லவன்" என்பாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கத்தி கையில இருக்கறப்ப அரசியல் பேசக்கூடாது சார்னேன். மனுஷன் அப்படிச் சிரிச்சார்."

குடும்பத்தைக் கூட்டிப் போக இந்த வேலைக்கு அனுமதி இல்லை. தெரிந்துதான் போனார். இங்கே கம்பெனி மூடி எட்டு மாதம் வீட்டில் இருந்த பிறகு வேறு வழி இல்லை. ஐந்து வருடம் பல்லைக் கடித்தால் நிரந்தர விசா, பிறகு நாங்கள் என்பது எங்கள் கணக்கு. இப்போது அதையும் நீட்டப் போகிறார்களாம். எத்தனை வருடம் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அதற்குள் தாரணி காலேஜே முடித்துவிடுவாள் போல.

செப்டம்பர் 1, திங்கள்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

மதியச் சாப்பாட்டு இடைவேளை. 'நம்ம குடும்பம்' குரூப்பில் அண்ணா ஒரு படம் அனுப்பியிருந்தார். எங்கிருந்தோ அவருக்கு வந்ததை அப்படியே குரூப்புக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். பஸ்ஸிலிருந்து ஓர் ஆள் இறங்குகிறான். பின்பக்கம் தெரிகிறது. தலையில் மழைக்கோட்டுத் தொப்பி, கீழே நீல யூனிஃபார்ம். ஆங்கிலத்தில்: பூங்காவில் சின்னப் பெண்ணிடம் அத்துமீறியவன் இவன்தான், வேலைக்கு வந்தவன் போல நம் தெருக்களில் திரிகிறான், பார்த்து வையுங்கள். அதன் மேல் அண்ணா தமிழில்: "இந்த மாதிரி ஆளுங்களாலதான் ஒழுங்காப் போனவங்களுக்கும் கெட்ட பேரு."

ஊர்ப் பெயரைப் பார்த்தேன். மு.வின் ஊர்.

பிறகுதான் அந்த ஆளைப் பார்த்தேன். இடது தோள் சற்று இறங்கி, பையை வலப்பக்கம் மாட்டி. இங்கே கட்டட சைட்டில் விழுந்து தோள் எலும்பு முறிந்த பிறகு அவர் நிற்பது அப்படித்தான். பதின்மூன்று வருடமாகப் பார்க்கிற முதுகு. டிபன் டப்பாவை மூடினேன்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. கவுண்டரில் ஒரு அம்மா இன்ஷூரன்ஸ் கார்டை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவரே கூப்பிட்டார்.

"நேத்தே தெரியும் உமா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"யாருங்க எடுத்தா?"

"தெரியல. ஒரு பொண்ணுகிட்ட எவனோ தப்பா நடந்திருக்கான், அது நெஜம். வெளிநாட்டுக்காரன்னு யாரோ கிளப்பி விட்டுட்டாங்க. நான் பஸ்ல இறங்கினேன். அவ்வளவுதான் நான் செஞ்சது."

அந்தப் பெண்ணுக்கு அது நடந்த நேரம் இவர் ஆர்தர் வீட்டில் இருந்தார். கம்பெனி ஆப்பில் வந்த நேரம், போன நேரம் எல்லாம் பதிவு. யார் போய்ப் பார்க்கிறார்கள். நேற்றே அறை ஜன்னலில் முட்டை அடித்திருக்கிறார்கள். கூட இருக்கும் மலையாளிப் பையன் வெளியே போகவே இல்லையாம்.

தாரணி கதவருகில் நின்றிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. "அம்மா, ஆர் தே கோயிங் டு ஹிட் அப்பா?" இல்லை என்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை அண்ணா தாரணியைக் கூட்டிப் போக வந்தார். அவளைக் கீழே காருக்கு அனுப்பிவிட்டுப் படத்தை நீட்டினேன்.

"யாருன்னு பாருங்கண்ணா."

"நான்தானே அனுப்பினேன்."

"தோளைப் பாருங்க."

நேரம் எடுத்தது. முகம் மெல்ல மாறியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாப்ளயா?"

"ஆமா."

"சத்தியமா தெரியாதும்மா. வந்துச்சு, தள்ளிவிட்டேன். எல்லாரும் தள்ளிவிடறதுதானே."

"குரூப்பில எழுதுங்க. இது நம்ம முரளி, இது பொய்னு."

"எழுதினா என்ன ஆகும்? இப்போ யாருக்கும் தெரியாது. எழுதினா சித்தப்பா, பெரியம்மா, கும்பகோணம் வரைக்கும் தெரிஞ்சிரும். நெருப்பில்லாமப் புகையுமாம்பாங்க. அவர் பேர்தான் கெடும்."

"கெட்டதுக்கு மேல என்னண்ணா கெடணும்?"

போனை எடுத்து நோண்டினார். "அவசரத்துல மாத்தி அமுக்கிட்டேம்மா, இனி எல்லாருக்கும் அழிக்க முடியாது. எனக்கு மட்டும் அழிஞ்சிருச்சு" என்றார். அவருக்கு மட்டும். கீழே ஹாரன், தாரணி அழுத்துகிறாள். போய்விட்டார்.

நானே எழுதினேன். 'இந்தப் படத்தில் இருப்பவர் என் கணவர் முரளி. செய்தி பொய். தயவுசெய்து யாரும் அனுப்ப வேண்டாம்.' நீல டிக் வந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மாமா ஒருவர் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்பினார்.

செப்டம்பர் 4, வியாழன்

போலீஸ் ஆளைப் பிடித்துவிட்டது. அந்த ஊர்க்காரன்தான், அங்கேயே பிறந்து வளர்ந்தவன். மு. அந்தச் செய்தியை அனுப்பினார், கீழே ஒரு வார்த்தை: 'முடிஞ்சது.' கவுண்டரிலேயே அழுதுவிட்டேன். டாக்டர் மேடம் டிஷ்யூ கொடுத்தார்.

மாலையில் அந்தப் படத்தை முதலில் போட்ட இணையப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். படம் அப்படியே இருக்கிறது. கீழே புதிதாக: போலீஸ் மூடி மறைக்கிறது. இன்னொருவர்: இவன் இல்லையென்றால் இவனைப் போல இன்னொருத்தன். அதற்கு நிறைய லைக்.

கம்பெனி மு.வைச் சில நாள் வர வேண்டாம் என்றிருக்கிறது. அவருடைய பாதுகாப்புக்காகவாம். மேனேஜர் ரொம்ப அன்பாகப் பேசினாளாம். அவர்கள் கைவிட்டால் விசா போச்சு. அங்கேயும் இங்கத்திய கஃபீல் மாதிரி விசா கொடுத்த முதலாளி கையில்தான் எல்லாம், பெயர்தான் வேறு.

குழாயில் தண்ணீர் சுடுகிறது, இரவிலும். வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன் வரவில்லை.

செப்டம்பர் 6, சனி

ஆர்தரே மு.வுக்குப் போன் செய்தாராம். எப்போது வருவாய், புதிதாக வந்த பையன் கன்னத்தைக் கிழித்துவிட்டான் என்று.

"உங்க மக என்னை அனுப்ப வேண்டாம்னு ஆஃபீஸ்ல சொல்லியிருக்காங்க சார்."

"அவ பயப்படறா."

"அன்னைக்கு அந்த நேரம் நான் உங்க வீட்டில இருந்தேன். உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும்ப்பா. ஊருக்குத் தெரியாதே."

"நீங்க சொல்லலாமே சார்."

டிவி சத்தத்தைக் கூட்டினாராம். பிறகு, "நான் வயசானவன். இந்தத் தெருவிலதானே நான் இருக்கணும்" என்று வைத்துவிட்டார்.

மு. இதைக் கோபம் இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றி எரிந்தது. அந்த மனிதரின் கால் நகம் வரை வெட்டிவிட்டவர் இவர்.

"வந்துருங்க" என்றேன். அண்ணா காலையில் வந்து சொல்லிப் போனார், தன் கம்பெனியில் மு.வுக்குச் சூப்பர்வைசர் வேலை கேட்டிருக்கிறாராம். குற்ற உணர்ச்சியில் ஓடி ஓடிச் செய்கிறார். வாஷிங் மெஷினும் அவர்தான் சரிசெய்தார்.

"மச்சான் கிட்ட தேங்க்ஸ் சொல்லு. இப்போ வரமாட்டேன்."

"ஏன்?"

"இப்போ போனா என்ன சொல்லுவாங்க? மாட்டிக்குவோம்னு ஓடிட்டான்னு. அந்தப் படத்துக்குக் கீழ அதையும் எழுதுவாங்க."

"எழுதட்டும். தாரணிக்கு அப்பா வேணும்."

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றார். போனை இருவரும் வைக்கவில்லை. அவர் பக்கம் மழை கேட்டது.

செப்டம்பர் 10, புதன்

மு. போலீஸ் ஸ்டேஷன் போனார். படத்தை எடுத்துவிடச் சொல்லவும் போட்டவர் மேல் புகார் கொடுக்கவும். மலையாளிப் பையன் துணைக்கு.

எழுதிக்கொண்ட அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதில முகம் தெரியலையே சார். இது நீங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாராம்.

மு. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, எனக்குப் பயமாகிவிட்டது. தெருவில் முட்டை அடித்தவனுக்குத் தெரிந்தது. ஷார்ஜாவில் சோறு தின்றுகொண்டிருந்த எனக்குத் தெரிந்தது.

புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். பார்க்கிறோம் என்றார்களாம்.

தாரணிக்குக் காய்ச்சல் 101. நாளை பள்ளி இல்லை.

செப்டம்பர் 13, சனி

லண்டனில் பெரிய ஊர்வலம், டிவியில். கடல் மாதிரி கொடி. அண்ணா வீட்டில்தான் பார்த்தேன். அவர் ரிமோட்டை எடுத்து அணைத்தார். அண்ணி காபி கொண்டு வந்தாள்.

மு.வுக்குத் திங்கள் முதல் வேலை, பக்கத்து ஊரில். ஆர்தர் இல்லை, வேறொரு வீடு. அந்த ஊருக்குப் போக அதே பஸ், அதே ஸ்டாப். இத்தனை நாளாக அவர் பஸ் ஏறவே இல்லை என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கடைக்கும் ஸ்டேஷனுக்கும் மழையில் நடந்தே போயிருக்கிறார்.

செப்டம்பர் 15, திங்கள்

காலை கிளினிக்கில் கவுண்டர் நிறைய ஆட்கள். மு. கூப்பிட்டார். என் டூட்டி நேரத்தில் கூப்பிட மாட்டார்.

"ஸ்டாப்ல நிக்கறேன். பஸ் வருது. போனை வைக்காத."

"வைக்கல."

"பேச வேண்டாம். சும்மா லைன்ல இரு."

கதவு திறக்கும் சத்தம். கார்டு தட்டும் ஒலி. யாரோ இருமினார்கள். ஒரு பெண் ஏதோ சொன்னாள், இவரிடமா வேறு யாரிடமா தெரியவில்லை. இவர் "ஸாரி" என்றார். எதற்கு ஸாரி. பிறகு இன்ஜின் சத்தம் மட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பாகிஸ்தான் பட்டாணியர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "சிஸ்டர், டோக்கன்?" என்றார். கையைக் காட்டி நிறுத்தினேன். ஷெரின் என்னைப் பார்த்தாள், எழுந்து வந்து அந்த ஆள் நீட்டிய இன்ஷூரன்ஸ் கார்டை வாங்கிக்கொண்டாள். ஸ்டாப் பெயர்களைப் பதிவுக் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. ஓர் இடத்தில் ஆண்கள் நிறையப் பேர் ஏறினார்கள், சத்தமாக. அவர் மூச்சு விடுவது நின்றது போல இருந்தது. நானும் அப்படியே. அவர்கள் பஸ்ஸின் மேல்மாடிக்கு ஏறிப் போனார்கள், காலடிச் சத்தம்.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

"இறங்கிட்டேன்" என்றார்.

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.