பக்கத்தில் விடும் விரிசல்

அன்பு மகள் ஃபஹ்மிதாவுக்கு,

ஸலாம். நம் பழைய அம்பாசடரில் கதவின் உள்பக்க பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்ததே, அதில் சமையல் சோடாவைத் தூவி, சூப்பர் குளூவை விட்டேன். கல்லாக இறுகியது. மறுநாளே பக்கத்தில் புது விரிசல். அத்தனை வருட வெயில். ஒட்டிய இடம் நிற்கிறது, ஒட்டாத இடம் விடுகிறது.

உன் அம்மா தினமும் காலையில் பின் சீட்டில் ஏறி, அந்த விளிம்பைத்தான் இறுகப் பிடித்துக்கொள்கிறாள். கையை எடுக்கச் சொன்னால் அழுகை. அதனால் பட்டுக்கோட்டைக் கடைத்தெரு வரை ஓட்டிவிட்டு, திரும்ப நம் வாசலில் நிறுத்துவேன். இன்று இறங்க மறுத்துவிட்டாள்.

“எங்க வீட்டுக்கு ஓட்டுங்க தம்பி. எங்க வீட்டுக்காரர் இன்னும் சாப்பிடாம காத்திருப்பாங்க” என்றாள்.

மறுபடி வண்டியைக் கிளப்பினேன். எந்தப் பக்கம் திருப்புவது, மகளே?

அத்தா